ஒரு தரம்தான் கேட்கும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனை வைத்த பிறகு அம்மா சாப்பிடவே இல்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். சாப்பிட்டாள். புட்டும் மீன் குழம்பும், கடைசியில் கொஞ்சம் தயிரும். ஆனால் கோப்பையைக் கழுவி வைக்கும்வரைக்கும் "பிள்ளையின்ட குரல் சரியில்ல" என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ "தெரியும் அப்பா" என்கிறாய். கடிதத்தை அப்படி இடையில் மறிக்க முடியாது. தம்பி இதைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்புவான். ஆறுதலாக வாசி.

முதலில், ஐயெல்ட்ஸ் என்கிற அந்த இங்கிலீஷ் சோதனையில் நீ வாங்கிய கணக்கைப் பார்ப்போம். பேச்சில் 7, எழுத்தில் 6.5, வாசிப்பில் 6.5, கேட்டலில் 6. இங்கிலாந்தில் தாதியாகப் பதிவதற்கு அவர்கள் கேட்பது கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அப்படியென்றால் எல்லாரும் பயப்படும் பேச்சையும் எழுத்தையும் நீ தாண்டிவிட்டாய். சும்மா உட்கார்ந்து கேட்பதிலும் வாசிப்பதிலும்தான் தடக்கியிருக்கிறாய். "எனக்கு இங்கிலீஷ் வராது அப்பா" என்று அழுதாயே, அதை நான் ஏற்கமாட்டேன். தோஹாவில் நாள் முழுக்க வார்டில் பிலிப்பைன்ஸ்காரியோடும் எகிப்து டொக்டரோடும் இங்கிலீஷில்தானே கதைக்கிறாய்? அவர்கள் சொல்வது விளங்காமலா நோயாளிக்கு ஊசி போடுகிறாய்?

நீ இங்கே விட்டுப்போன ஐயெல்ட்ஸ் பயிற்சிப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்தேன். தம்பி கணினியில் அதன் ஒலிப்பதிவுகளைப் போட்டுத் தந்தான். இரண்டு கிழமையாகச் செய்து பார்க்கிறேன். முதல் நாள் கேட்டலில் 40க்கு 19. சிரிக்காதே. நேற்று 28. இரண்டு கிழமையில் எனக்கு இங்கிலீஷ் கூடவில்லை, இந்தச் சோதனையின் குணம் பிடிபட்டது, அவ்வளவுதான்.

கேட்டல், வாசிப்பு ஒவ்வொன்றிலும் 40 கேள்வி. தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தாலும், ஏறக்குறைய 30 சரியென்றால் 7. 23 சரியென்றால் 6. ஆகவே கேட்டலில் உனக்குக் குறைவது ஆறேழு கேள்வி, வாசிப்பில் இரண்டு மூன்று. இன்னொரு விதமாகப் பார்த்தால், பத்துக் கேள்வியைப் பிழையாக எழுதிவிட்டும் நீ 7 வாங்கலாம். இதைச் சுவரில் எழுதி ஒட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தபால் கந்தோரில் கையால் இயக்கும் டெலிபோன் பலகை இருந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். யாராவது கோல் எடுத்தால் பலகையில் ஒரு சின்னத் தகடு விழும். வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். கொழும்பு ஒப்பரேட்டரோடு கதைப்பது முழுக்க இங்கிலீஷில். லைன் இரையும், குரல் போய்ப் போய் வரும், மழை என்றால் சொல்லவே வேண்டாம். ஆனாலும் எனக்கு ஒரு வசதி இருந்தது. விளங்காவிட்டால் "ரிப்பீட் ப்ளீஸ்" என்று கேட்கலாம். உன் சோதனையில் அது இல்லை. ஒலிப்பதிவு ஒரு தரம்தான் ஓடும்.

முதல் பகுதியைக் கேட்டதும் எனக்குப் பழைய கதிரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒருவர் போனில் வீடு வாடகைக்குக் கேட்கிறார், மற்றவர் பெயர், விலாசம், நம்பர் எல்லாம் கேட்டு எழுதுகிறார். இது என் தொழில் அல்லவா! இருந்தும் அதிலேயே மூன்று பிழை விட்டேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது பி, டி, ஈ, சீ, ஜீ, வீ எல்லாம் ஒரே வாலோடு வருகின்றன. நாங்கள் பலகையில் "பி ஃபோ பட்டிக்கலோ, டி ஃபோ டொக்டர்" என்று பிரித்துக்கொள்வோம். சோதனையில் அந்த உதவி கிடையாது. எங்கள் காதுக்கு இது கொஞ்சம் கூடக் கஷ்டம். ஒரே 'ப'வை வைத்துக்கொண்டுதானே 'பாலம்' என்றும் 'கம்பம்' என்றும் வாசிக்கிறோம்? இரண்டும் வேறு வேறு ஒலி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தேவையும் இருக்கவில்லை. இங்கிலீஷில் அதுவே ஒரு புள்ளி.

மறுகா, ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும். இதில் எனக்கு ஒரு பழைய பாவம் இருக்கிறது. ஒருவருடைய தம்பி கொழும்பிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. விடிய 5.15க்கு பஸ் வரும் என்று சொன்னதை நான் 5.50 என்று கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பொடியன் இருட்டில் பெட்டியின் மேல் அரை மணித்தியாலத்துக்கு மேல் குந்திக்கொண்டிருந்தானாம். அண்ணன்காரன் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூட வலித்தது. அதன் பிறகுதான் கவனித்தேன். ஃபிஃப்டீனில் பின்பாதி நீண்டு அழுத்தி வரும். ஃபிஃப்டியில் அழுத்தம் முன்னாலே, வால் குட்டை. முழுச் சொல்லையும் கேட்க நினைக்காமல் வாலை மட்டும் கேள்.

இன்னொன்று, அந்தச் சோதனைக்காரர் ஆளை ஏமாற்றுவார்கள். "செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்பார், நீ சந்தோஷமாக எழுதுவாய், அடுத்த மூச்சில் "ஐயோ, அன்றைக்கு முடியாது, வியாழன்" என்பார். முதலில் கேட்டதை எழுதிவிட்டுக் காதை மூடுகிறவனுக்கு வைத்த பொறி அது. எங்கள் சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரி வைத்துக்கொள். முதலில் சொல்கிற விலையிலா வாங்குகிறோம்?

எழுத்துப்பிழைக்கும் புள்ளி போகும். 'கலர்' என்பதை அமெரிக்கன் மாதிரி எழுதினாலும் பிரிட்டிஷ் மாதிரி எழுதினாலும் சரிதான், ஆனால் இரண்டுமில்லாமல் எழுதக்கூடாது. இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருந்தால் மூன்றாவது சொல் முழு விடையையும் சாப்பிட்டுவிடும். நீ அனுப்பிய பயிற்சித் தாள்களில் நான் எண்ணிப் பார்த்தது இது: உன் பிழைகளில் நாலு, கடைசி 'எஸ்' இல்லாததால். நாங்கள் 'நாலு மாடு, பத்துத் தேங்காய்' என்று கதைத்து வளர்ந்த சனம். எண்ணைச் சொன்ன பிறகு 'கள்' எதற்கு? அந்தப் பழக்கம் காதிலும் இருக்கிறது. 'எஸ்' ஒலித்தாலும் காது அதை வாங்குவதில்லை. நாலு புள்ளி, மகள். உனக்குக் குறைவதே ஆறேழுதான்.

ஆனால் உன் பெரிய பிழை இவை ஒன்றுமில்லை. 14ஆம் கேள்வியைத் தவறவிட்டுவிட்டு 15, 16, 17 மூன்றையும் வெறுமையாக விட்டிருக்கிறாய். எனக்கு அது நன்றாகத் தெரியும். போனதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். பலகையில் ஒரு கோல் அறுந்தால் அறுந்ததுதான், அதற்குள் அடுத்த தகடு விழுந்துவிடும். அறுந்தவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒருவருக்கும் லைன் கிடையாது. நீ சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான், விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு முழு நாளும் அழுதவள். தவறினால் ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போ. பிழைக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள், வெறுமைக்குத்தான் ஒன்றும் கிடையாது.

ஆஸ்திரேலியாக்காரர் கதைத்தால் ஒன்றுமே விளங்கவில்லை என்றாய். சென் மைக்கலில் நான் படித்த காலத்தில் அமெரிக்கப் பாதர்மார் இருந்தார்கள். பாதர் மில்லர் 1948இல் லூசியானாவிலிருந்து வந்து, 2019 பிறக்கும்வரை மட்டக்களப்பிலேயே இருந்தவர். வகுப்பில் எங்கள் மாஸ்டர் வெள்ளைக்காரன் மாதிரி நறுக்கென்று இங்கிலீஷ் கதைப்பார். பாஸ்கெட்போல் திடலுக்குப் போனால் பாதர்மாரின் இங்கிலீஷ் ரப்பர் மாதிரி இழுபடும். முதல் மாதம் தலையை மட்டும் ஆட்டினோம். அடுத்த தவணைக்குள் அது எங்களுக்கு இன்னொரு ஊர்க்காரர் கதைக்கிற மாதிரி ஆகிவிட்டது. காத்தான்குடியார் பேச்சும் யாழ்ப்பாணத்தார் பேச்சும் உனக்கு விளங்கவில்லையா? அதே தமிழ்தான், இசை வேறு. தினமும் கால் மணித்தியாலம் ஆஸ்திரேலிய வானொலிச் செய்தி கேள். விளங்காவிட்டாலும் கேள்.

உனக்கு ஏழு வயதில், ஒரு போயா இரவு, முழு நிலவில், வாவிக்குள்ளிருந்து வரும் பாடும் மீன் சத்தம் கேட்கவென்று பழைய பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை உன் காதில் வைத்தேன். "ஒண்டும் கேக்கல்லப்பா, தண்ணிச் சத்தம்தான்" என்றாய். தோணிக்காரர்தான் சொன்னார், "பாட்டெண்டு தேடாத பிள்ள, வீணைக் கம்பிய ஒருக்கா தட்டி விட்ட மாதிரி இருக்கும்" என்று. இரண்டு நிமிடத்தில் உன் கண் விரிந்தது. சத்தம் முதலிலிருந்தே இருந்தது. எதைக் கேட்பது என்றுதான் உனக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கேள்விகளைப் பார்க்கக் கொஞ்ச நேரம் தருகிறார்களே, அது இதற்குத்தான். அந்த நேரத்தில் மூச்சு வாங்காதே. இந்தக் கோட்டில் வரப்போவது நம்பரா, நாளா, ஆளின் பெயரா, பொருளா என்று பக்கத்தில் பென்சிலால் குறி. மறுகா உன் காது அதற்காகக் காத்திருக்கும். கணினியில் செய்வதென்றால் கடைசியில் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான். கடதாசித் தாளில் விடைகளை மாற்றி எழுதத் தரும் பத்து நிமிடம் அங்கே கிடையாது. எதில் எழுதப் போகிறாயோ அதிலேயே பழகு.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது, ஆனால் அது முக்கியம். சரி, பிழை, சொல்லப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைப் போடும் கேள்விகளில்தான் உனக்கு அடி. ஒரு சின்னப் பந்தி எழுதுகிறேன், பார்:

கல்லடியின் பழைய இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அதற்கு ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயர் வைக்கப்பட்டது. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதும் அதன் அருகிலேயே நிற்கிறது.

பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டினார்கள் என்றால்? பிழை. பந்தி அதை மறுக்கிறது. புதிய பாலத்தில்தான் கூடுதலான வாகனங்கள் போகின்றன என்றால்? நீ உடனே 'சரி' என்று போடுவாய், ஏனென்றால் நீ கல்லடிப் பிள்ளை, கண்ணால் கண்டது. ஆனால் பந்தியில் எங்கே இருக்கிறது? இல்லை. சொல்லப்படவில்லை.

உன் தாளில் நடந்ததும் இதுதான். நீரிழிவைப் பற்றிய கட்டுரையில் ஆறு கேள்விக்கு மூன்று பிழை, குதிரைகளைப் பற்றிய கட்டுரையில் ஒன்றுமே பிழையில்லை! குதிரையைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் தாளை வாசித்தாய். நீரிழிவை உனக்குத் தெரியும், அதனால் வார்டை வாசித்தாய். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தத் தாளுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

நேரமும் ஒரு விஷயம். மூன்று கட்டுரை, எல்லாமாக இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள், 60 நிமிடம். வாசிப்பில் விடைகளை மாற்றி எழுதவென்று தனி நேரம் தருவதில்லை. கடைசிக் கட்டுரைதான் கஷ்டம், நீயோ முதலாவதில் 27 நிமிடம் இருந்திருக்கிறாய். 20 ஆனதும் எழும்பிவிடு, சாதத்தில் கை வைத்தபடியே என்றாலும்.

காசைப் பற்றி யோசிக்காதே. இரண்டாவது தரத்துக்கான கட்டணத்தை நான் போடுகிறேன், என் பென்ஷன் அதற்குப் போதும். வந்த பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அதிகம் தள்ளவும் வேண்டாம். வைகாசியில் எழுது என்பது என் எண்ணம், உன் ட்யூட்டி எப்படியோ தெரியாது.

வெள்ளிக்கிழமை இரவு, உனக்கு எட்டு மணிக்கு, எங்களுக்குப் பத்தரை, கோல் எடு. பத்துப் பெயர், பத்து விலாசம், பத்து டெலிபோன் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன், எல்லாம் பொய்ப் பெயர்கள். தம்பி பின்னாலிருந்து ஃபேனைப் போட்டு இரைச்சல் உண்டாக்குவான், அதற்கு அவன் இப்போதே துள்ளிக்கொண்டிருக்கிறான். கொப்பியும் பென்சிலும் எடுத்து வை.

ஒரு தரம்தான் சொல்லுவேன்.

அன்புடன்,
அப்பா

(அம்மா கேட்கிறாள், போன மாதம் அனுப்பிய நெத்தலிக் கருவாடு முடிந்துவிட்டதா என்று.)