வைகை அணைக்கு இருக்கும் தெளிவு நம் மென்பொருளுக்கு வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல மழை பெய்யும் வருடங்களில் உங்கள் பத்திரிகையில் தவறாமல் ஒரு செய்தி வரும். வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டது, கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எத்தனை அடி வந்தால் என்ன செய்வது என்பது முன்கூட்டியே முடிவானது, அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மதுரையில் 12 வருடமாக மென்பொருள் வேலை பார்ப்பவள் என்ற முறையில் அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதைத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் முறை செய்து கொடுத்தோம். அவர்கள் தந்த தேவை ஆவணத்தில் ஒரு வரி: "அழைத்தும் வராதவரை விட்டுவிட்டு அடுத்தவரை அழைக்க வேண்டும்." படித்தால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அப்படியே கோடிங் செய்தோம், டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ். தொடங்கிய முதல் வாரம் திரை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் அங்கே போயிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி, டோக்கன் 17, மூன்று மணி வரைக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஏத்தா, எம் நம்பரு இன்னும் வரலையா?" என்று என்னிடம்தான் கேட்டார். அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த நேரத்தில் 17 அழைக்கப்பட்டிருக்கிறது, அவர் வரவில்லை, மென்பொருள் தனக்குச் சொன்னதைச் செய்துவிட்டது. திரும்பி வந்தவரை மறுபடி வரிசையில் சேர்க்க வழியே இல்லை, ஏனென்றால் ஆவணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பிழை கோடிங்கில் இல்லை, அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

அன்று இரவு ஒரு தாளில் வட்டங்கள் போட்டேன். காத்திருப்பவர், அழைக்கப்பட்டவர், உள்ளே இருப்பவர், வராதவர், முடிந்தவர் என்று ஐந்து நிலைகள். எதனால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார் என்று அம்புக்குறி. 'வராதவர்' என்ற வட்டத்துக்குள் அம்பு வருகிறது, அதிலிருந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை. பாட்டி மாட்டிக்கொண்ட இடம் அதுதான்! அப்புறம் அதையே அட்டவணையாக்கி, இந்தப் பக்கம் நிலைகள், அந்தப் பக்கம் அழைப்பது, உள்ளே வருவது, நேரம் கடப்பது, பரிசோதனைக்கு அனுப்புவது, திரும்பி வருவது, பார்த்து முடிப்பது என்று ஆறு நிகழ்வுகளை எழுதினால் 30 கட்டங்கள் வருகின்றன. எங்கள் ஆவணம் பதில் சொன்னது 9 கட்டங்களுக்கு. மற்றதெல்லாம் மருத்துவமனையிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய, கேட்காமல் விட்ட கேள்விகள். நடக்கவே முடியாது என்று தோன்றும் கட்டத்திலும் 'நடக்காது' என்று எழுதியாக வேண்டும், அப்படி எழுதப் போகும்போதுதான் 'நிஜமாகவே நடக்காதா?' என்ற சந்தேகம் வரும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் ஒரு போர் விமானத் திட்டத்துக்கு ஆலோசனை சொல்லப் போன கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல், இந்த நிலைமையில் இந்த பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பொறியாளர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தடித்தடியாக ஆவணங்கள் இருந்தும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1987-ல் அவர் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் என்ற நிலை வரைபட முறை. பாரிஸில் 1998-ல் ஓடத் தொடங்கிய ஓட்டுநர் இல்லாத மெட்ரோ 14-ஆம் தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை, பி மெத்தட் என்ற முறையில் கணித மாதிரியாக எழுதி, சரி என்று நிரூபித்துக்கொண்டே படிப்படியாகக் கோடாக மாற்றினார்கள்.

தேவைகளில் இரண்டு ரகம் உண்டு என்பதையும் இந்தத் துறை 1977-லேயே சொல்லிவிட்டது. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் பிரித்துக் காட்டியது. ஒன்று, கெட்டது ஒருபோதும் நடக்கக் கூடாது: ஒரே நோயாளி இரண்டு அறைகளுக்கு அழைக்கப்படக் கூடாது. இன்னொன்று, நல்லது எப்படியும் ஒரு நேரத்தில் நடந்தே ஆக வேண்டும்: டோக்கன் வாங்கிய ஒவ்வொருவரும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். முதல் ரகத்தை எல்லோரும் ஆவணத்தில் எழுதுகிறார்கள். இரண்டாவதை நான் பார்த்த ஆவணங்களில் அநேகமாக யாருமே எழுதியதில்லை. பாட்டி விஷயத்தில் தவறிப்போனது இந்த இரண்டாவதுதான்.

ஒரு மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கணிதமாக எழுத அதே லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் மொழியும், எழுதியதைச் சரிபார்க்கும் கருவியும் இலவசம்தான். இரண்டு டாக்டர், நான்கு டோக்கன் என்று சின்னதாக எழுதிக் கொடுத்தேன். அந்த அளவுக்குள் வரக்கூடிய எல்லா வரிசைகளையும் அது ஒன்று விடாமல் நடந்து பார்த்து, இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் 'அடுத்தவர்' பட்டனை அழுத்தினால் ஒரே ஆள் இரண்டு அறைக்கும் அழைக்கப்படுவதைப் படிப்படியாகக் காட்டியது. டெஸ்டிங்கில் நாங்கள் அதை நினைத்தே பார்க்கவில்லை. நினைத்ததைத்தான் டெஸ்ட் செய்ய முடியும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, கிளையன்ட் அடுத்த வாரம் கேட்கிறாரே என்று எங்கள் ஆபீஸிலேயே சொன்னார்கள். தாளில் வரைந்து கருவியில் ஓட்ட எனக்கு ஆனது இரண்டு சாயங்காலம். ஓடிக்கொண்டிருந்த மென்பொருளைத் திருத்த ஒரு மாதம் ஆனது.

மதுரையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆவணத்தை வாங்கிப் பார்க்கிறேன். 'எளிதாக இருக்க வேண்டும்', 'வேகமாக இருக்க வேண்டும்' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, ஒரு நிலை வரைபடம்கூட இல்லை, இருந்தாலும் கோடிங் முடிந்தபிறகு ஆவணத்துக்காக வரைந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் செய்யவில்லை. வகுப்பில் வைகை அணையையே கொடுங்கள். 68.5-ஐத் தொட்டு எச்சரிக்கை விட்டாயிற்று, மட்டம் 68-க்கு இறங்கி மறுபடி 68.5-க்கு ஏறுகிறது, இரண்டாவது எச்சரிக்கையை மீண்டும் விட வேண்டுமா? அணையில் வேலை பார்க்கும் அனுபவசாலிக்கு யோசிக்கவே வேண்டாம், கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்தால்தான் தெரியும். இப்படிப் பத்து கேள்விகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்து வரைந்து காட்டிய பிறகு கோடிங் தொடங்கட்டும். அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் மென்பொருள் வாங்கும்போது அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.

இப்படிக்கு,
மென்பொருள் பணியாளர் ஒருவர்,
திருநகர், மதுரை.