பாதைக்கு நிதி திரட்டுமுன் பராமரிப்புக் கணக்கைக் காட்டுங்கள்

வட்டாரப் பொதுப்பாதைத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நடப்பவர், ஓடுபவர், மிதிவண்டிக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர் என எல்லோருக்கும் ஊர்களை இணைத்து ஒரு பாதை அமைக்க முனைந்திருக்கிறீர்கள். முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நன்கொடைக்குக் கை நீட்டுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: திறப்புவிழா முடிந்த பிறகு இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், எந்தப் பணத்தில்?

நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மானியம் தருபவர்கள் பெரும்பாலும் கட்டுவதற்குத்தான் தருவார்கள். புல் வெட்டவும் குழி அடைக்கவும் தருவது அரிது. நன்கொடையாளர்களும் அப்படித்தான். பாலத்துக்கும் இருக்கைக்கும் பெயர் பொறிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிடலாம். வடிகால் குழாயில் தன் பெயரைப் பார்க்க யாருக்கு ஆசை வரும்? பாதையின் ஆயுளோ அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டு ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் அடித்தளம் இளகும், மேலே போட்ட தார் வெடிக்கும். மர வேர்களும் தளத்தைத் தூக்கும். விரற்கடை உயரத்துக்கு எழும்பிய மேட்டை நடப்பவர் தாண்டிவிடுவார். சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். அப்புறம் 'எல்லோருக்கும்' என்று எப்படிச் சொல்வீர்கள்?

தளத்தைத் தேர்வு செய்யும்போதும் இதே கணக்குதான். கல்தூள் போட்டு இறுக்கிய தளம் கட்ட மலிவு, ஆனால் சரிவான இடங்களில் மழை அதை அரித்துக்கொண்டே இருக்கும். தாருக்குத் தொடக்கச் செலவு கூடுதல். கட்டுமானச் செலவை மட்டும் காட்டி முடிவெடுக்கச் சொன்னால் நாங்கள் மலிவானதற்குத்தான் கை தூக்குவோம்.

இவ்வளவு நீண்ட பாதை ஒரே மூச்சில் முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பழைய ரயில் தடங்களின்மேல் அமைந்த கிரேட் அலிகேனி பாசேஜ் என்ற நடை, மிதிவண்டிப் பாதை சுமார் 240 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் துண்டு 1986இல் திறக்கப்பட்டது. முழுப் பாதையும் இணைந்தது 2013இல்தான். அந்த 27 ஆண்டுகளில் முதல் துண்டு புதர் மண்டிப் போயிருந்தால் அடுத்த துண்டுக்கு யார் பணம் தந்திருப்பார்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை இது. எந்தப் பகுதி எந்த உள்ளாட்சியின் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். வரும் நன்கொடையில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகத் தனிக் கணக்கில் போட்டு, அதை ரசீதிலேயே அச்சிடுங்கள். தன்னார்வலர்கள் குப்பை பொறுக்குவார்கள், கிளை வெட்டுவார்கள். பாலத்தின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் வேலையை அவர்கள் தலையில் கட்ட முடியாது. முதல் துண்டையும் நிலம் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்காமல், மக்கள் தினமும் போய்வரும் இரண்டு இடங்களுக்கு நடுவே போடுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் பழுது வந்தால் அன்றே புகார் வரும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் வரைபடங்களோடு ஒப்பந்த நகல்களையும் மேசையில் வையுங்கள். எந்த உள்ளாட்சி இன்னும் கையெழுத்திடவில்லை என்று சொன்னால், அங்கே போய்க் கேட்க நாங்களும் உங்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
பாதையில் நடக்கக் காத்திருக்கும் ஒருவர்