கண்ணன் கொஞ்சம் நகரட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல மழை. முழங்கால் வலியைப் பற்றி எழுதினால் தாள் தீர்ந்துவிடும். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் கணக்கில் இதுவரை மூன்று கண்ணாடி டம்ளர்களும் என் மூக்குக்கண்ணாடியும் போய்விட்டன. நேராக உன் கண்ணனிடம் வருகிறேன்.

உங்கள் பாட்டியின் வெண்ணெய்த்தாழிக் கண்ணனை, அந்தப் பழைய தஞ்சாவூர்ப் படத்தை, நான் மறப்பேனா? கூடத்தில் அதன் கீழே உட்கார்ந்துதானே வீட்டுக்கணக்குப் போட்டோம். அது சட்டத்துக்குள் கடகடவென்று ஆடுகிறது என்றும், சுற்றிலும் ஆணி அடித்து இடுக்கில் பசை ஊற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். வேண்டாம். படத்தை இன்றே திருப்பி வாங்கி வந்துவிடு.

பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பட்டாபிஷேகப் படத்தை நானே அப்படித்தான் இறுக்கினேன். ஐப்பசி மழையில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் ஒரு நாள் இரவு ‘டப்’பென்று சத்தம். பல்லி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ராமருக்கும் சீதைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. இந்த முறை பிரித்தது இராவணன் அல்ல, நான்.

பழைய தஞ்சாவூர்ப் படங்கள் பெரும்பாலும் பலாப்பலகையில் செய்தவை. முன்பக்கம் துணி, சுண்ணப்பூச்சு, தங்கரேக்கு, கற்கள் என்று அத்தனை போர்வை. பின்பக்கம் வெறும் மரம். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கும். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக மாறாது. குறுக்கேதான் பெருக்கும், சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட மாறலாம். இரு ஓரமும் ஆணியில் மாட்டிக்கொண்டால் அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும். உன் வீட்டில் ஏசி வேறு. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. இப்போது வரும் படங்கள் பெரும்பாலும் பிளைவுட். அது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது, இவ்வளவு அசையாது. அவர் கை அதற்குப் பழகியது.

இறுக்கிக் கெடுத்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளைந்த ஓவியப் பலகைகளை நிமிர்த்துகிறேன் என்று பின்னால் கட்டைகளை ஒட்டி, அவற்றுக்குக் குறுக்கே நகரும் கட்டைகளைக் கட்டம் கட்டமாகச் செருகினார்கள். நகர வேண்டிய கட்டைகள் சிக்கிக்கொண்டு புது விரிசல்கள் கண்டன. மோனா லிசாவும் பலகைப் படம்தான், பாப்லர் மரம். மேல்விளிம்பில் அதற்கும் ஒரு விரிசல் உண்டு.

நல்ல தச்சராகப் பார்த்து இப்படிச் சொல். சட்டத்தின் காடி, அதாவது பலகை உட்காரும் பள்ளம், பலகையைவிடப் பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். கற்கள் கண்ணாடியில் உரசாதபடி நடுவே மெல்லிய ரீப்பர் கட்டை வேண்டும். படம் அதில் படும் இடத்தில் கம்பளித் துணி ஒட்டச் சொல். பின்னால் சின்னப் பித்தளைத் தகடுகள். திருகாணி சட்டத்தில்தான் இறங்க வேண்டும், பலகையில் ஒன்றுகூட இறங்கக் கூடாது. தகட்டின் நுனிக்கும் பலகைக்கும் நடுவே தக்கைத் துண்டு வைக்க வேண்டும். நார் மேலும் கீழுமாக ஓடினால், மேலே நடுவில் ஒன்று, கீழே நடுவில் ஒன்று லேசாக அழுத்தினால் போதும். பக்கத்துத் தகடுகள் சும்மா காவலுக்கு. பலகை வளைந்திருந்தால் அமுக்கி நிமிர்த்த விடாதே, அந்த வளைவுக்கு ஏற்பத் தக்கையைச் சீவிக்கொள்ளட்டும்.

முடிந்ததும் நீயே சோதித்துப் பார். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் மட்டும் கொஞ்சம் நகர வேண்டும். நீ கேட்ட கடகட சத்தம் முன்பின் ஆட்டம். தக்கை வைத்ததும் அது நின்றுவிடும்.

மாட்டும்போது மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

தை மாதம் சென்னை வருகிறேன். அதற்குள் தச்சர் கிடைக்காவிட்டால் கண்ணனை முகம் மேலே பார்க்கும்படி பீரோவுக்கு மேல் படுக்கவைத்து, மெல்லிய துணியால் மூடிவை. என் பழைய திருகாணி முடுக்கியைக் கொண்டுவருகிறேன். தக்கை மட்டும் நீ வாங்கிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்