துணிக்கழிவுப் பொதிகளில் இழையின் பெயரைக் குறிக்கச் செய்யுங்கள்

துணிக்கழிவுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தும் துறையின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். பருத்திக் கழிவைக் கரியாக்கி, சோடியம் அயனி மின்கலங்களின் எதிர்மின்முனைக்கான கரிமமாக மாற்றும் பணியில் இருப்பவன் நான். கழிவுப் பொதிகளின் மீது எடையையும் ஈரப்பதத்தையும் குறித்தால் போதும் என்று தங்கள் புதிய வழிகாட்டு நெறிகளும் சொல்லிவிட்ட பிறகு, வழக்கமான மனுக்களில் இனிப் பயனில்லை என்பதால் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

பின்னணி தாங்கள் அறியாததன்று. லித்தியம் மின்கலங்களில், கிராஃபைட் எனும் அடுக்கடுக்கான கரிமத்துக்குள் லித்தியம் நுழைவதுபோல் சோடியம் எளிதில் நுழையாது என்பதால், அடுக்குகள் தாறுமாறாக அமைந்த கடினக் கரிமம் வேண்டியிருக்கிறது. அதற்குப் பருத்தி ஏற்றது. அதன் இழைகளை ஆக்கும் தாவரப் பொருளான செல்லுலோஸ் உருகாமலே கரியாவதால், நைட்ரஜன் நிறைந்த உலையில் 1000 டிகிரி செல்சியசைத் தாண்டிய பின்னும் இழை இழையாகவே நிற்கும்.

பாலியஸ்டர் அப்படியன்று. 'பருத்தி' என்று வாய்மொழியாகச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட பொதி ஒன்றைப் பிரித்தபோது, மேலடுக்கு வெள்ளைத் துணிகளுக்கு அடியில் பாலியஸ்டர் கலந்த சட்டைகளும் எலாஸ்டேன் எனும் இழுபடும் செயற்கை இழை கலந்த கால்சட்டைகளும் கிடந்தன. பித்தானையும் ஜிப்பையும் கத்தரித்து எடுத்துவிடலாம். துணியோடு சேர்த்து நெய்த இழையை எதைக் கொண்டு பிரிப்பது? ஏறத்தாழ 250 டிகிரியிலேயே உருகிவிடும் பாலியஸ்டர், பருத்தி கரியாகத் தொடங்குமுன் அதன்மேல் வழிந்து, உலைக் கிண்ணத்தின் அடியில் பளபளப்பான கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. மேற்பகுதிக் கரி ஒருவிதம், அடிப்பகுதிக் கரி வேறுவிதம். செல்லுலோஸின் எடையில் கரிமம் 44 விழுக்காடுதான். அதிலும் கணிசமான பகுதி வாயுவாகவும் தாராகவும் போய்விட, மிஞ்சும் கொஞ்சமும் இப்படிக் கெடுகிறது.

ஆகவே கேட்கிறோம்: பொதியின் மீது இழையின் பெயரும் கலப்பு விகிதமும் குறிக்கப்படுவதைக் கட்டாயமாக்குங்கள். பருத்தியையும் பாலியஸ்டரையும் சில நொடிகளில் இனம்காணும் அகச்சிவப்புக் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அடர் கறுப்புத் துணிகளில் அவை தடுமாறும் என்பது உண்மை, அவற்றைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

கழிவை மீண்டும் பொருளாக்கும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளுக்கு மட்டும் குறைவில்லை. பழைய சட்டை மின்கலமாக மாறும் படம் மேடைதோறும் காட்டப்படுகிறது; சட்டைக்கும் மின்கலத்துக்கும் நடுவே ஓர் அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறிக்குள்தான் நாங்கள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறோம்.

கடுமையாகப் பட்டால் பொறுத்தருள்க. எல்லாப் பொதிகளுக்கும் உடனே இயலாதெனில், ஆயத்த ஆடை ஆலைகளின் வெட்டுத் துண்டுகளுக்கேனும் இழையின் பெயரையும் கலப்பு விகிதத்தையும் முதலில் கட்டாயமாக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எந்தத் துணியிலிருந்து வெட்டினோம் என்பது ஆலைக்குத் தெரியும். அதைப் பொதியின் மீது எழுத ஒரு பேனா போதும்.

இப்படிக்கு,
கரிம ஆய்வுப் பணியாளர் ஒருவர்