புதிய நாளிதழ் தொடங்கும் நண்பர்களுக்கு: முதலில் தாலுகா நிருபரின் சம்பளத்தைப் பேசுங்கள்

வணக்கம்.

தமிழில் நம்பத் தகுந்த, எல்லாத் தரப்புச் செய்தியும் தருகிற ஒரு நாளிதழைத் தொடங்க நீங்கள் கூடிப் பேசி வருவதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அச்சு இயந்திரம், பக்க வடிவமைப்பு, செயலி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாலுகா நிருபருக்கு என்ன சம்பளம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். இங்கிருந்தெல்லாம் செய்தி அனுப்புகிறவர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர்தான். அச்சாகிற செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கிடைக்கும். பல இடங்களில் அதுவும் கிடையாது. பெட்ரோல் அவர் கைக்காசு. அடையாள அட்டையோடு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இத்தனை ரூபாய்க்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்ற இலக்கும் வந்து சேரும். யாரிடம் போய்க் கேட்பார்? ஒப்பந்ததாரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், கட்சியின் ஒன்றியச் செயலாளரிடம். பொங்கலுக்கு அரைப் பக்க வாழ்த்து கொடுத்த ஒப்பந்ததாரர் போட்ட சாலை மாசியில் பெயர்ந்தால், அதை அவர் எப்படி எழுதுவார்? பிரஸ் மீட்டில் பணக் கவர் வாங்குகிறவர் என்று அவரைப் பழிப்பது எளிது. வாங்கினால்தான் வண்டி ஓடும் என்ற நிலையில் அவரை வைத்த நிர்வாகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை நிர்ணயிக்க மத்திய அரசு அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அந்தச் சம்பளத்தைப் பெறப் பத்திரிகையாளர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்து ஆட்களுக்கே அந்தப் பாடு என்றால் தாலுகா நிருபரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே செய்தி எழுதுகிற கையில் விளம்பர ரசீதுப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். மாதச் சம்பளம், வண்டிச் செலவு, எழுதியதற்காக வழக்கு வந்தால் வழக்கறிஞர் – இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பணம் போதாது என்றால் 3 மாவட்டங்களில் மட்டும் தொடங்குங்கள். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-இல்தான் நாளிதழானது. பொறுத்து வளர்வதில் குறைவொன்றும் இல்லை.

எல்லாச் செய்தியும் என்று சொல்கிறீர்களே, அதில் எது விடுபடுகிறது என்று பாருங்கள். முதல்வர் பேச்சும் கிரிக்கெட்டும் எல்லா நாளிதழிலும் வருகின்றன. ஜமாபந்தியில் கொடுத்த பட்டா மனு என்ன ஆனது என்பது வருவதில்லை. ஒருவர் கைதான அன்று பெயர், படம், ஊர், அப்பா பெயர் வரை நான்கு பத்தியில் போடுகிறோம். ஆறு ஆண்டு கழித்து அதே ஆளை நீதிமன்றம் நிரபராதி என்று விடுவிக்கும்போது அங்கே நம் நிருபர் இருப்பதில்லை. ஊரைப் பொறுத்தவரை அவர் சாகும்வரை குற்றவாளிதான். கைது செய்தியில் பெயர் போட்ட ஒவ்வொருவரையும் ஒரு பதிவேட்டில் குறித்து, தீர்ப்பு வரை தொடர்ந்து, அதே பக்கத்தில் முடிவை வெளியிடுவது என்று விதி வையுங்கள். முடியாதென்றால் பெயரைப் போடாதீர்கள்.

திருத்தமும் அப்படித்தான். முதல் பக்கத்தில் செய்த பிழைக்கு எட்டாம் பக்க மூலையில் ‘வருந்துகிறோம்’ போடுவது வாசகரை மதிக்கிற செயல் அல்ல. லண்டனின் கார்டியன் 1997-இலும், நம் சென்னையின் தி இந்து 2006-இலும் வாசகர் புகாரை விசாரிக்கத் தனி ஆசிரியரை நியமித்தன. நீங்களும் நியமியுங்கள், ஆசிரியரோ உரிமையாளரோ நினைத்தபோது நீக்க முடியாதபடி அவருக்குப் பதவிக்காலம் கொடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காதீர்கள். 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது, முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை வெவ்வேறு மராத்தி நாளிதழ்களில் எழுத்துக்கு எழுத்து செய்தியாக வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் துணைக்குழு காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தை விசாரித்து அறிக்கை கொடுத்தது. மத்திய தகவல் ஆணையம் 2011-இல் உத்தரவிட்ட பிறகே, பத்திரிகைகளின் பெயர்கள் இருந்த முழு அறிக்கையையும் கவுன்சில் வெளியிட்டது. பத்திரிகைகளைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பே பத்திரிகைகளின் பெயர்களை வெளியே சொல்லத் தயங்கியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உங்கள் முதலீட்டாளர் கல்லூரியோ மருத்துவமனையோ நடத்துகிறவர் என்றால், அந்தத் துறைச் செய்தி வரும்போதெல்லாம் அதன் அடியில் அதைக் குறிப்பிடுங்கள். உரிமையாளர் விவரத்தைப் பொடி எழுத்தில் ஒளிக்க வேண்டாம்.

தலைப்பில் ‘கள்ளக்காதல்’ வேண்டாம். தற்கொலைச் செய்தியில் செய்த முறை வேண்டாம். சாதிக் கொலையைக் ‘காதல் தகராறு’ என்று எழுத வேண்டாம். இவற்றை விளக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்டோபர் 2 கிராம சபை நாள். மறுநாள் நாளிதழ்களில் மாவட்ட ஆட்சியர் கலந்துகொண்ட ஓர் ஊரின் படம் வரும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்டத்தில் ஆட்சியர் போகாத ஊர்களில் என்ன தீர்மானம் போட்டார்கள், மக்கள் கேட்டும் எது பதிவேட்டில் ஏறவில்லை என்று பார்த்து எழுத உங்களிடம் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மாதம் என்ன தருவீர்கள்? பதில் எழுதுங்கள். ஓராண்டுச் சந்தாவை இப்போதே கட்டத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
முன்னாள் மாவட்டச் செய்தி உதவி ஆசிரியர் ஒருவர்