வெள்ளத்தில் நின்றுபோகும் சிகிச்சை

ஆசிரியருக்கு,

காற்று மாசு வரம்புகளைக் கடுமையாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். முழுக்க உடன்படுகிறேன். வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே அறிவித்துவிட்டது. 2021இல் நுண்துகள்களுக்கான (பிஎம் 2.5) ஆண்டுச் சராசரி வரம்பை, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆக அந்த நிறுவனம் பாதியாகக் குறைத்தது. சரி, நோய் வந்துவிட்டவர்கள்? பருவநிலை மாற்றம் அவர்களுடைய சிகிச்சையையே குலைக்கிறது என்பதைத் தலையங்கம் தொடவில்லை.

என் அம்மாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. பாதியில் வெள்ளம் வந்து நான்கு நாள் போக முடியவில்லை. கதிர் பாய்ச்ச வேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் மையால் போட்டிருந்த அடையாளக் கோடுகள் அழிந்துவிடுமோ என்று அம்மா அத்தனை நாளும் அங்கே தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார். மருத்துவமனைக்கு எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. இடைவெளி விழுந்தால் புற்றணுக்கள் மறுபடி பெருக வாய்ப்பு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. பாதிப்பு வெள்ளப் பகுதியோடு நிற்பதும் இல்லை; 2017இல் மரியா புயல், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் சலைன் பைகள் தயாரிக்கும் ஆலைகளைத் தாக்கியபோது அமெரிக்க மருத்துவமனைகளிலேயே அவற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது.

சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு புற்றுநோய் மையமும் தயாராக வைத்திருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த உடனேயே அவர்களை வேறு மையத்துக்கு மாற்றும் ஏற்பாட்டை அரசுகள் தங்கள் பருவநிலைச் செயல்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.