மாமரம் ப்ராப்பர் நவுனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். அதில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியின் ஆங்கில விடைத்தாளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ப்ராப்பர் நவுன்களுக்கு அடிக்கோடு போடச் சொன்ன கேள்வியில் சென்னை, வைகை, மண்டே எல்லாவற்றுக்கும் சரியாகக் கோடு போட்டவள், கூடவே 'மேங்கோ ட்ரீ'க்கும் 'உட்பெக்கர்' என்ற மரங்கொத்திக்கும் கோடு போட்டிருக்கிறாள். இரண்டின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கிடையாது. ஏம்மா இதைப் போட்டாய் என்று கேட்டால், "தமிழ் மிஸ் மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர்னு சொன்னாங்களே" என்கிறாள்.

தமிழ் மிஸ் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காரணம் எதுவும் இல்லாமல் முன்னோர் இட்டு வழங்கிய பெயர் இடுகுறிப்பெயர், ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். நம் இலக்கணத்தில் இங்கே சிறப்பு என்றால் பெரிய கூட்டத்துக்குள் ஒரு வகை. ஆங்கிலத்தில் ப்ராப்பர் நவுன் என்பதோ வகையின் பெயரே இல்லை, ஒரே ஓர் ஆளை, ஊரை, ஆற்றை மட்டும் சுட்டுவதற்கு வைத்த பெயர். ஊரில் உள்ள எல்லா மாமரத்துக்கும் மா என்ற பெயர் பொருந்துகிறது இல்லையா, அதனால் ஆங்கிலக் கணக்கில் அது காமன் நவுன். ஆனால் கடைகளில் விற்கும் கைடுகளில் ப்ராப்பர் நவுனுக்கு நேராக 'சிறப்புப்பெயர்' என்று அச்சடித்துவிடுகிறார்கள், தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் அதில் மாட்டிக்கொள்கிறது, இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'தனிப்பெயர்' என்று போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம், கேப்பிடல் லெட்டரில் தொடங்கினால் ப்ராப்பர் நவுன் என்று ஒரு குறுக்குவழி பல வகுப்புகளில் ஓடுகிறது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாததால் பிள்ளைகள் இதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் கேப்பிடல்தான், நான் என்று பொருள்படும் 'ஐ' எங்கே வந்தாலும் கேப்பிடல்தான், அதற்காக அவை ப்ராப்பர் நவுன் ஆகுமா? ஜெர்மன் மொழியில் மேசை, நாற்காலி உட்பட எல்லாப் பெயர்ச்சொல்லையுமே பெரிய எழுத்தில்தான் தொடங்குவார்கள். முதலில் இது தனிப்பெயரா என்று யோசிக்க வேண்டும், எழுத்து அதற்குப் பிறகு வருவது. வெறும் 'ரிவர்' என்றால் சின்ன 'ஆர்', 'ரிவர் வைகை' என்று பெயரோடு சேர்ந்தால் பெரிய 'ஆர்'. 'மை மதர்' என்று எழுதும்போது சின்ன 'எம்', அதே சொல்லைப் பெயர் மாதிரி வைத்து அம்மாவைக் கூப்பிட்டால் பெரிய 'எம்'. ஒரே சொல்தான், வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சிலவற்றை மட்டும் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். கிழமைக்கும் மாதத்துக்கும் கேப்பிடல் உண்டு, 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்களுக்குக் கிடையாது. பாடங்களில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் மொழியின் பெயர் என்பதால் பெரிய எழுத்து, மேத்ஸும் சயின்ஸும் பொதுவாகச் சின்ன எழுத்து. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நியூட்டனைக் காட்டலாம்: விஞ்ஞானியைக் குறித்தால் பெரிய 'என்', இயற்பியலில் விசையின் அலகாக முழுச் சொல்லை எழுதினால் சின்ன 'என்', அந்த அலகின் குறியீடு மட்டும் மறுபடி பெரிய 'என்'. ஒரு மனிதரின் தனிப்பெயர் அலகுக்கான பொதுச்சொல்லாக மாறியதை இதைவிடத் தெளிவாக எதில் காட்டுவது?

தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். பெயர்ச்சொல் பாடம் எடுக்கும் வாரத்தில் இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில், தமிழ் இலக்கணத்தின் சிறப்புப்பெயரும் ப்ராப்பர் நவுனும் ஒன்றல்ல என்று மா, மரங்கொத்தி உதாரணத்தோடு ஒரு சின்னப் பெட்டி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை